பாதி முகம்

அமலோற்பவத்துக்குத் தலையைவிடக் கண் பெரிது. பூதலூரில் நாலு தெருவுக்கு ஜாக்கெட் தைப்பவள் அவள். ஊசியில் நூல் கோர்க்க முடியாத நாள் வந்தால் வீட்டில் அடுப்பு எரியாது. ஒற்றைத் தலைவலி பதினோரு வருஷமாக அவளைப் பிழிந்து எடுத்தது. மாத்திரையே கதி என்று கிடந்தாளே தவிர, டாக்டர் லேசர் வைத்தியம் என்றதும் கண் போய்விடும் என்று ஆறு மாதம் இழுத்தடித்தாள். கணவன் குழந்தைராஜ் கெஞ்சிக் கூத்தாடித்தான் அன்றைக்குத் தஞ்சாவூருக்கு ரயிலேற்றிக் கூட்டிவந்தான்.

பிசியோதெரபிஸ்ட் ஷீபா சின்னப் பெண், பொறுமைசாலி. இது சுடாது, வெட்டாது, கழுத்திலும் நெற்றிப் பொட்டிலும் கொஞ்ச நேரம் வெளிச்சம் படும், அவ்வளவுதான். எல்லாருக்கும் கேட்கும் என்று சொல்ல மாட்டேன், பார்ப்போம் என்றாள். கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு, சொல்லும்வரை கழற்றக் கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னாள். மெஷின் ‘பீப்’ என்றது.

சும்மா இருப்பாளா இவள்? ஜவுளிக்கடையில் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் வாங்காத ரகம். கண்ணாடியை விரலால் நெம்பி ஒரு நொடி எட்டிப் பார்த்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் பார்வையின் ஓரத்தில் ஒரு வெள்ளிப் புள்ளி மினுங்கியது. பல்லுப் பல்லாக வெட்டிய துணி ஓரம்போல அது துடித்துக்கொண்டே பரவியது. கண்ணை மூடினாலும் போகவில்லை. கண்ணாடியைப் பிடுங்கி எறிந்து எழுந்து பார்த்தால், எதிரே நிற்கும் குழந்தைராஜுக்குப் பாதி முகத்தைக் காணோம். ஒரு கண்ணும் பாதி மீசையும்தான் இருந்தன. மாதாவே, என் கையாலேயே என் கண்ணைக் கெடுத்துக்கொண்டேனே!

“நான் கண்ணாடிய எடுத்துட்டுப் பாத்துட்டேங்க. என் கண்ணு போச்சுங்க.”

ஷீபாவுக்கும் முகம் வெளுத்துத்தான் போனது. ஆனாலும் பக்கவாதமோ என்று பார்க்கச் சிரிக்கச் சொன்னாள், இரண்டு கையையும் தூக்கச் சொன்னாள், ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொன்னாள். எந்தக் கண்ணால் பார்த்தாலும் அதே பக்கம்தான் மறைந்தது.

“அக்கா, நான் இன்னும் லைட்டே போடலை. பீப்னு கேட்டது மெஷின் ஆன் ஆன சத்தம். ரெண்டு கண்ணுலயும் ஒரே பக்கம் மறையுதுன்னா இது கண்ணு இல்ல, உங்க தலைவலிதான். வர்றதுக்கு முன்னாடி சில பேருக்கு இப்படிக் காட்டும். காலையில என்ன சாப்பிட்டீங்க?”

அமலோற்பவம் தலையைக் குனிந்துகொண்டாள். லேசரில் கண்ணுக்கு ஒன்றும் ஆகக் கூடாதென்று வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டு மூன்று நாளாக ஒருசந்தி இருக்கிறாள். ஒரு வேளைச் சாப்பாடுதான். நேற்று மத்தியானம் சாப்பிட்டது. குழந்தைராஜ் தலையில் அடித்துக்கொண்டான். பட்டினி கிடந்தால் வலி வரும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

எதற்கும் நரம்பு டாக்டரை இன்றைக்கே பார்த்துவிடுவோம் என்று ஷீபா போனை எடுத்தாள். அமலோற்பவம் எதையும் நம்பவில்லை. சமாதானத்துக்குச் சொல்கிறார்கள் என்றே நினைத்தாள். செபம்கூட வாயில் வராமல், புருஷன் முகத்தையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபது நிமிஷம் ஆயிற்று. முதலில் காது வந்தது, பிறகு கன்னம், பிறகு மீசையின் மறுபாதி.

அப்போது பொட்டில் சம்மட்டியால் அடித்ததுபோல வலி இறங்கியது. அவள் அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“வலிக்குதுங்க,” என்றாள். “மாதா காப்பாத்திட்டா. தலைதாங்க வலிக்குது.”