சொந்த விருப்பம்

படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளையும் ஒரே நேரத்தில் இஸ்திரி உருளைக்குள் கொடுக்க வேண்டும். ஒரு முனை அரை விரல் பிந்தினால் துணி கோணிக்கொண்டு, மறுபக்கம் சுருக்கத்தோடு வெளியே வரும். அதை மறுபடி நனைத்து, பிழிந்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும். பதினோரு வருடமாக அந்த வெளிநாட்டுச் சலவைக்கூடத்தில் உருளைக்கு முன்னால் நிற்பவனுக்குத் துணியைப் பார்க்காமலே முனை கையில் வந்துவிடும். ஏழு பெரிய ஓட்டல்களின் அழுக்கு விரிப்புகள் காலை ஆறு மணிக்கு வந்து இறங்கும். யார் யாரோ புரண்டு படுத்ததெல்லாம் பகல் இரண்டு மணிக்குள் வெளுத்து, காய்ந்து, மடிந்து திரும்பிப் போய்விட வேண்டும். நீராவியில் சுவர்கூட வியர்த்துக்கொண்டிருக்கும்.

ஒரு தள்ளுவண்டி முடிந்ததும் சுவரிலிருக்கும் பெட்டியில் அட்டையைத் தேய்க்க வேண்டும். யாருடைய அட்டையோ அவர் பெயரில் ஒரு வண்டி ஏறும்.

அவன் எல்லா வண்டிக்கும் தன் அட்டையையே தேய்த்ததில்லை. உருளையின் மறுபக்கம் நின்று, வெளியே வரும் விரிப்பை மடிப்பவரை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பத்தாறு வயது. மூன்று வருடமாக வலது தோள் மேலே எழும்ப மாட்டேன் என்கிறது. தலைக்கு எண்ணெய் வைப்பதுகூட இடது கையால்தான். இன்னும் இரண்டு வருடம் ஓட்டிவிட்டால் கம்பெனி கடைசியில் கொடுக்கும் தொகை கிடைத்துவிடும். நடுவில் எண்ணிக்கை குறைந்தால் வெறுங்கையோடு வீடு. அதனால் கூட நிற்கும் நான்கு பேரும் ஆளுக்கு இரண்டு வண்டியை அண்ணன் அட்டையில் தேய்த்துவிடுவார்கள். அதற்கு மொய் வைப்பது என்று பெயர். "இன்னிக்கு மொய் வச்சாச்சா?" என்று சாப்பாட்டு மேசையில் கேட்டுச் சிரித்துக்கொள்வார்கள். அவன் மட்டும் நான்கு வைப்பான். உருளையில் அவன் கை வேகம், அவ்வளவுதான் காரணம்.

அன்று பதினொரு மணிக்கு, பாதி வண்டியில், மேனேஜர் கூப்பிடுவதாக ஆள் வந்தது. மேனேஜரும் நம் மொழிக்காரர்தான். அதனாலேயே கெட்ட செய்தி சொல்லும் வேலையை எப்போதும் அவர் தலையில் கட்டிவிடுவார்கள்.

"உக்காரு தம்பி."

பதினோரு வருடத்தில் அந்த அறையில் அவனை யாரும் உட்காரச் சொன்னதில்லை. ஈரச் சட்டையோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"அடுத்த மாசத்திலேருந்து நீ ரெண்டாம் கிரேடு. கம்ப்யூட்டர்ல உன் வண்டிக் கணக்கு ரொம்பக் கம்மியா காட்டுது."

"ரெண்டாம் கிரேடுக்குக் குடும்பத்தை வச்சுக்க முடியாதே சார்."

"அதான் சட்டம். நாப்பது நாள் இருக்கு. அவங்களை அனுப்பிட்டு நீ கம்பெனி ரூம்ல தங்கிக்கலாம், கட்டில் தருவாங்க. நீயும் போறதுன்னா போகலாம். யாரும் உன்னைத் துரத்தலை."

அவன் மொய் விஷயத்தைச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மேனேஜரே சொல்லிவிட்டார்.

"மொய் வைக்கிறது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? மூணு வருஷமா தெரியும். ஓட்டலுக்குத் துணி நேரத்துக்குப் போனா சரின்னு விட்டுட்டேன்."

"அப்ப அதை மேல சொல்லுங்க சார். நீங்க சொன்னா கேப்பாங்க."

"வாய்ல சொன்னா நடக்காது. எழுத்துல குடு. என்னை மிரட்டி, என் வண்டியை அவர் அட்டையில தேய்க்க வச்சார்னு ரெண்டு வரி. உன் வண்டி உன் கணக்குக்கு வந்துரும். முதல் கிரேடு. பொண்டாட்டி புள்ளையோட நிம்மதியா இரு."

"அண்ணன் மிரட்டினாரா? அவர் பூனையைக்கூட வாங்க போங்கன்னுதான் சார் கூப்பிடுவாரு."

மேனேஜர் சிரிக்கவில்லை. "பத்துப் பேரை இறக்கணும்னு உத்தரவு. எந்தப் பத்துன்னு யாரும் கேக்கலை. யோசிச்சு சொல்லு."

அவன் திரும்பி வந்தபோது அண்ணன் அவனுக்காக உருளையை மெதுவாக ஓட விட்டு, ஒற்றைக் கையால் விரிப்பை உள்ளே கொடுக்க முயன்றுகொண்டிருந்தார். விரிப்பு கோணிப் போயிருந்தது.

வீடு ஆறாவது மாடியில் ஓர் அறை. கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு திரை. மகளுக்கு ஆறு வயது. வீட்டில் வாலு என்று கூப்பிடுவார்கள். அவள் இந்த நாட்டில்தான் பிறந்தாள். அப்பாவின் ஊரைப் போனின் கண்ணாடியில் மட்டும் பார்த்திருக்கிறாள். அங்கே மாமாக்கள் எல்லோரும் கழுத்துவரைதான் இருப்பார்கள் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மனைவி முழுவதையும் கேட்டாள். நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்தை விட்டுவிட்டுக் கத்தியை மட்டும் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எழுதிக் குடுங்க."

"அவரு மிரட்டினாருன்னு எழுதணுமாம்."

"எழுதுங்க. ஆளுக்கு ரெண்டு வண்டின்னா உங்களுக்கு மட்டும் எதுக்கு நாலு? உங்களை யாரு வள்ளலா இருக்கச் சொன்னது? உங்க பெரிய மனசுக்கு நானும் புள்ளையும் மூட்டை கட்டணுமா?"

"சத்தம் போடாதே. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும். கல்யாணம் ஆகி மூணு வருஷம் போன்லயே குடும்பம் நடத்தினேன். காய்ச்சல்னு சொன்னா, மாத்திரை போடுன்னு போன்ல சொல்வீங்க. நெத்தியில கை வைக்க ஆள் இல்லை. அந்த மூணு வருஷம் எனக்குப் போதும் சாமி."

அழுகை வரவில்லை. கோபத்தில் அவளுக்கு மூக்கு மட்டும் சிவக்கும். அது சிவந்திருந்தது.

அடுத்த நாள் அவள் ஊருக்குப் போன் போட்டாள். இங்கே வருவதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். இந்த நாட்டில் அவளுடைய அனுமதிச் சீட்டில் வேலை செய்யக் கூடாது என்று அச்சடித்திருந்ததால் எட்டு வருடம் சும்மா இருந்தாள். சும்மா என்றால் சமையல், துணி, பிள்ளை, பள்ளிக்கூடம், ஆறு மாடி. பழைய கூடத்தில், "எட்டு வருஷமா ஊசியே பிடிக்கலையா? புதுசா படிச்ச பொண்ணுங்களே வரிசையில நிக்கறாங்கம்மா" என்றார்கள். அவளுடைய அண்ணன், "வாங்க, பார்த்துக்கலாம்" என்றான். பின்னாலிருந்து அண்ணி எதுவும் சொல்லவில்லை. சொல்லாததும் போனில் தெளிவாகக் கேட்டது. அவள் கணவன் முன்பு வேலை பார்த்த மில்லை இடித்து, அங்கே அடுக்குமாடி எழும்பிவிட்டதாம்.

"அங்க போயி நான் என்ன செய்யறது?" என்றான் அவன். "தெருத்தெருவா இஸ்திரி வண்டி தள்ளணும்."

"தள்ளுங்க. வேண்டாம்னா அந்த ரெண்டு வரியை எழுதுங்க."

ஒரு வாரம் இப்படியே ஓடியது. அவன் காகிதத்தை எடுப்பான், "மதிப்பிற்குரிய" என்று எழுதுவான், மடித்து வைத்துவிடுவான். உருளையில் எதிரும் புதிருமாக நிற்கும்போது அண்ணனின் முகத்தைப் பார்க்காமல் துணியைப் பார்த்தான். பார்த்துச் செய்ததால் இரண்டு விரிப்பு கோணிப் போயிற்று.

விடுமுறை நாள் காலையில் அண்ணனே வந்தார். லிஃப்ட் ஓடவில்லை, ஆறு மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் நின்றார். ஒரு கையில் வாலுவுக்கு பிஸ்கட் பொட்டலம், இன்னொன்றில் உறை. மனைவி "வாங்க" என்று சொன்னாள். குரலில் அந்த வார்த்தைக்கு உரிய எதுவும் இல்லை.

"என்னாலதான்னு தெரியும்மா" என்றார், உட்காராமலே. "முந்தாநாள் மேனேஜர்கிட்ட போயி ஒத்துக்கிட்டேன். எல்லாம் என் தப்புதான், தம்பி வண்டியை அவன் கணக்குலயே போடுங்கன்னு சொன்னேன். நீயா ஒத்துக்கிட்டா நீயும் போவ, உனக்குத் தேய்ச்ச நாலு பேரும் போவாங்க, வாயை மூடிட்டுப் போய் வேலையைப் பாருன்னுட்டாரு."

அவர் உறையைப் பிரித்தார். கம்பெனிக் கடிதம். அதிக வண்டிகள் முடித்ததற்காக அவரை முதல் கிரேடுக்கு உயர்த்தியிருந்தார்கள். பாராட்டு ஒரு வரி. இனி அவர் தன் குடும்பத்தை வரவழைத்துக்கொள்ளலாம். கூடவே நான்கு பக்க விண்ணப்பம்.

"எனக்கு யாரும்மா இருக்கா? அவ போயி ஒன்பது வருஷம் ஆச்சு. பையன் முகம் குடுத்துப் பேசறதில்லை. சும்மா கிடக்கற இடம்தானே. அதான் பென்சில்ல எழுதிக் கொண்டாந்தேன். உன் கையெழுத்து அழகா இருக்கும்னு தம்பி சொல்லுவான். நீ மேல பேனாவால எழுதிக் குடுத்துடு."

அவள் வாங்கிப் பார்த்தாள். மகன் என்ற இடத்தில் அவள் கணவனின் பெயர். மருமகள் என்ற இடத்தில் அவள் பெயர், ஓர் எழுத்துப் பிழையோடு. பேத்தி என்ற இடத்தில் 'வாலு' என்றே எழுதியிருந்தது. அந்தப் பிள்ளைக்கு வேறு பெயர் இருப்பது அவருக்குத் தெரியாது. இடது கையால் எழுதியவை. எழுத்துகள் கட்டங்களுக்கு வெளியே ஓடியிருந்தன.

"நானும் உங்களுக்கு இடைஞ்சலா இருக்க மாட்டேன். கம்பெனி ரூம்லயே இருந்துக்குவேன். காகிதத்துல மட்டும்தான் அப்பன்."

அவள் திரைக்குப் பின்னால் போனாள். அடுப்பைப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது. டீயோடு வந்தபோது மூக்கு சிவந்திருந்தது.

"அண்ணே, இது செல்லாது. பிறப்புச் சான்றிதழ் கேப்பாங்க. பிடிச்சா உங்களை உள்ள வச்சிருவாங்க. முதல்ல உக்காருங்க. டீ ஆறுது."

அவர் போன பிறகு அவள் அலமாரியிலிருந்து 'மதிப்பிற்குரிய' காகிதங்களை எல்லாம் எடுத்து நான்காகக் கிழித்தாள்.

"எழுத வேண்டாம்."

அவன் அவளையே பார்த்தான்.

"ரொம்பப் பெருமைப்படாதீங்க. உங்க எழுத்து ஒருத்தருக்கும் புரியாது, கடைசியில என்னைத்தான் எழுதச் சொல்லுவீங்க. அந்த மனுஷனைப் பத்தி என் கையால அப்படி எழுத முடியாது." பிறகு சொன்னாள்: "ஆனா நீங்க மட்டும் இங்க தங்கறதும் நடக்காது. போனா மூணு பேரும். இஸ்திரி வண்டின்னா இஸ்திரி வண்டி. நான் ஒரு பக்கம் பிடிக்கறேன்."

நாடு விட்டுப் போகிறவர்களின் அலுவலகத்தில் எண் சீட்டு வாங்கிக் காத்திருந்தார்கள். எழுபத்து நான்காவது எண். வாலு புதுச் செருப்புப் போட்டிருந்தாள். விமானத்தில் போகப் போகிறோம் என்ற ஒன்றைத் தவிர அவளுக்கு எதுவும் சொல்லியிருக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் நம் மொழி பேசினாள். தன் மொழியில் சொன்னால் ஆட்கள் தகராறு செய்ய மாட்டார்கள் என்று கண்டுபிடித்திருந்தார்கள்.

"போற காரணம், சொந்த விருப்பம்" என்று சொல்லிக்கொண்டே அவள் கம்ப்யூட்டரில் தட்டினாள்.

"சொந்த விருப்பம் இல்லைங்க" என்றாள் மனைவி.

"இதுல நாலுதான் இருக்கும்மா. இறப்பு, நோய், குற்றம், சொந்த விருப்பம். உங்கள்ல யாரும் சாகலை. நோயும் இல்லை. குற்றம்னு போட்டா நேரா ஜெயில். அப்புறம் என்ன இருக்கு?"

"கம்பெனி விருப்பம்னு ஒண்ணு இருக்கணுமே."

"இல்லை."

"ஏன் இல்லை? பதினோரு வருஷம் வெந்நீர்ல வேக வச்சுட்டு, பத்துப் பேர் கணக்கு வேணும்னு இறக்கினாங்களே, அது யாரு விருப்பம்? இந்தப் புள்ளை இங்கதான் பிறந்துச்சு. பள்ளிக்கூடத்துல இவ பேர் ஒட்டின நாற்காலி இருக்கு. அதை விட்டுட்டு வரணும்னு இவளா விரும்பினா?"

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன், "விடும்மா" என்று அவள் முழங்கையைத் தொட்டான். அவள் கையை உதறினாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள் அவளைத் திட்டவில்லை. ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்டதைக் கேட்டவள் போலச் சின்னக் கருவி ஒன்றை வெளியே தள்ளினாள்.

"விரல் வைங்க. சொந்த விருப்பத்துலதான் போறீங்கன்னு அதுதான் சாட்சி."

அவன் கட்டைவிரலை வைத்தான். சிவப்பு எரிந்தது. சட்டையில் துடைத்துவிட்டு வைத்தான். சிவப்பு. ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல், பிறகு இடது கை. பத்து விரலுக்கும் சிவப்பு. விளக்கொளியில் பார்த்தால் விரல் நுனிகள் பீங்கான் மாதிரி வழவழவென்று இருந்தன.

"சலவைக்கூடமா?" என்றாள் அந்தப் பெண், நிமிராமலே. "அங்கேருந்து வர்றவங்க யாருக்கும் ரேகை இருக்காது. பரவாயில்லை, குடும்பத்துல ஒருத்தர் வச்சாலும் போதும். நீங்க வைங்கம்மா."

மனைவி இரண்டு கைகளையும் புடவைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"நான் வைக்க மாட்டேன்."

"அம்மா, பின்னால ஆள் நிக்குது."

"நிக்கட்டும். பொய்க்கு நான் கை வைக்க மாட்டேன்."

யாரும் கீழே பார்க்கவில்லை. மேசைக்கு எட்டாத வாலு, புதுச் செருப்பின் நுனியில் எம்பி நின்று, விளக்கு எரிகிற அந்தக் கருவியில் தன் ஆள்காட்டி விரலை வைத்து அழுத்தினாள். பச்சை எரிந்தது. உள்ளே எங்கோ காகிதம் அச்சாகிற சத்தம் கேட்டது.

"பதிஞ்சிருச்சு" என்றாள் அந்தப் பெண், முத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டே.

வாலு சந்தோஷமாக அப்பாவை நிமிர்ந்து பார்த்து, இன்னொரு தடவை வைக்கட்டுமா என்று கேட்டாள்.