ஆறடி ரெண்டங்குலம்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும் என்று என் வீட்டுக்காரி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அந்தச் சனிக்கிழமை வரவில்லை. அதுதான் இன்னும் ஆறவில்லை.

சகலை என்றால் அவளுடைய அக்கா புருஷன். ஒன்பது வருஷமாக எங்களுக்குள் ஒரே பேச்சுதான். அவர் ஓய்வு பெற்றதும் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி ஒன்று வாங்குவது, பின்னால் படுக்கவும் அடுப்பு வைக்கவும் ஒரு கூடு கட்டுவது, மலை, பாலைவனம் ஒன்று விடாமல் ஆறு மாதம் சுற்றுவது. "நாம போறோம் சகலை" என்பார், ஒவ்வொரு முறையும். வண்டியும் வந்தது. முன்னால் இரண்டே இருக்கை. மூன்றாவது எதற்கு என்று சிரித்தோம்.

வண்டிக்குக் கூடு கட்டுவது என் தொழில். ஐஸ் வண்டி, ரொட்டி வண்டி, நாய் பிடிக்கிற வண்டி என்று கட்டாதது இல்லை. எனக்கென்று கட்டியது இது ஒன்றுதான். எட்டு மாதம், ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் விழுங்கியது. தகடு வெட்டி, மடித்து, பற்றவைத்து, ஆணி அடித்து, பிடிக்காமல் பிரித்து, மறுபடி அடித்தேன். பதினொரு மணிக்கு அவள் பட்டறைக்கு டீ கொண்டுவருவாள். எனக்கு இடக்கைப் பழக்கம். தாழ்ப்பாளை அந்தக் கைக்கு வாகாக வைத்தேன். வலது முழங்கால் சரியாக மடங்காது. ஏறுவதற்கு ஒரு மடக்குப் படி செய்து பின்னால் மாட்டினேன்.

படுக்கை அளவு மட்டும் சகலை போனில் சொன்னார். உள்நீளம் ஆறடி ரெண்டங்குலம் வேண்டுமாம். அவரும் சரி நானும் சரி, ஐந்தரை அடியைத் தாண்டாத ஆட்கள்.

"இனிமேலா வளரப் போறீங்க சகலை?" என்று கேட்டேன்.

விழுந்து விழுந்து சிரித்தார். கால் வலிக்காரன் நீட்டிப் படுக்கட்டும் என்று எனக்காகக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மடையன். அதற்காகச் சட்டத்தையே அறுத்து மறுபடி பற்றவைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை காலையில் கூட்டைப் பொருத்த வண்டி வந்தது. சகலையோடு அவருடைய பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர் இறங்கினார். நெட்டையான மனிதர், பட்டறை ஷட்டருக்கே குனிந்து வந்தார். தூக்கிப் பிடிக்க ஒத்தாசைக்கு வந்திருக்கிறார் என்று எனக்கு சந்தோஷம். கூட்டைச் சங்கிலிக் கப்பியில் தொங்கவிட்டு, வண்டியைப் பின்னோக்கி அதன் அடியில் கொண்டுவந்து, அங்குலம் அங்குலமாக இறக்கினோம். நாலு மூலை ஓட்டையும் ஓட்டைக்கு நேராக வந்து உட்கார்ந்தது. மயிரிழை பிசகவில்லை. போல்ட்டைப் போட்டு, ரப்பரை ஒட்டி, குழாயைத் திறந்து மேலே அரைமணி நேரம் தண்ணீர் அடித்தேன். உள்ளே ஒரு சொட்டு இல்லை.

நெட்டையர் செருப்பைக் கழற்றிவிட்டு, என் படியில் ஏறி, உள்ளே போய்ப் படுத்தார். தலைமாட்டில் ஓர் அங்குலம், கால்மாட்டில் ஓர் அங்குலம். எனக்கே அளவெடுத்த மாதிரி இருக்கே என்று மெச்சினார். அவருக்கு ஒன்றும் தெரியாது, பாவம்.

சகலை என் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பதினஞ்சாம் தேதி நாங்க கிளம்பறோம் சகலை."

நாங்க. நாம என்றால் நானும் உள்ளே. நாங்க என்றால் நான் வெளியே. பேச்சு வந்த குழந்தைக்குக்கூட இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனாலும் வாய் தவறியிருக்கும் என்று அந்த மனுஷனுக்காக நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன்.

யார் யார் என்று கேட்டேன். என் முழங்காலைப் பற்றி ஆரம்பித்தார். நடுக்காட்டில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்றார். நண்பருக்கு ராத்திரி பகல் ஓட்டிப் பழக்கமாம். அடுத்த தடவை கண்டிப்பாக நானாம்.

கழுத்தை அறுக்கிறவன் கத்தியையாவது தானே கொண்டுவருவான். இவருக்கு நான் எட்டு மாதம் உட்கார்ந்து தீட்டிக் கொடுத்திருக்கிறேன். கத்தவில்லை. ஸ்பேனரை எடுத்து எல்லாப் போல்ட்டையும் இன்னொரு சுற்று இறுக்கினேன். வேலையில் குறை என்று யாரும் சொல்லக் கூடாது. பிறகு கீழே உட்கார்ந்து படியைக் கழற்ற ஆரம்பித்தேன்.

சகலை ஓடிவந்தார். "அதை ஏன் கழட்டறீங்க? நம்ம வண்டிக்கு அது வேணும்ல?"

வேண்டும் என்றதும் 'நம்ம' வந்துவிட்டது.

"உங்க வண்டி" என்றேன்.

படியைத் தூக்கிக்கொண்டு மத்தியானம் வீட்டுக்கு நடந்தேன். அவளிடம் எப்படிச் சொல்வது என்பதே வழியெல்லாம் யோசனை. ஒரு மாதமாக என் பிரயாணப் பை கட்டி முடிந்து கதவுக்குப் பின்னால் நிற்கிறது. தினமும் அதில் இடித்துக்கொண்டு என்னைத் திட்டுவாள். கதவைத் திறந்தேன். பை அங்கே இல்லை. பரண்மேல் ஏறியிருந்தது.

நான் இன்னும் வாயையே திறக்கவில்லை.

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

அவள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். சகலை அளவு சொன்ன அந்த வாரமே அக்கா சொல்லிவிட்டாளாம்.

"சொன்னா கோவத்துல வேலையைப் பாதியில போட்டுடுவீங்க. முடியட்டும்னு நாங்க ரெண்டு பேரும்தான் பேசி வெச்சிருந்தோம்."

படியைத் தரையில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்தேன். ஞாயிறு தவறாமல் டீயை நீட்டி, "கூடு நல்லா வருதுங்க" என்று சொன்னவள் இவள்தான்.