சக்கைக் குழியில் விளக்கு

மகேந்திரராசாவைப் போன்ற பயந்த மனிதனை இத்தாலியின் பலெர்மோ நகர் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் காண முடியாது. பஸ் முழுதாக நிற்காமல் இருக்கையை விட்டு எழும்பவே மாட்டார். அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. வன்னியில் கிணறு வெட்டித் திரிந்த காலத்தில், நச்சுக் காற்று நிறைந்த கிணற்றுக்குள் இறங்கிய இரண்டு பேரைப் பிணமாகத் தூக்கியவர் அவர்.

அதனால்தான் மனைவி யோசப்பின், தன் தம்பி றோபேட்டை அவர் வேலை செய்யும் இடத்துக்கே அனுப்பினாள். "சண்டையிலை எனக்கெண்டு மிஞ்சினது அவன் ஒருத்தன்தான். அவனைப் பாத்துக்கொள்ளுங்கோ," என்றாள். அவரும் தலையாட்டினார்.

வேலை, பிரான்காச்சோ என்ற புறநகருக்கு அப்பால், கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் நிலையத்தில். எண்ணெய் பிழிந்த ஒலிவச் சக்கை லொறி லொறியாக வரும். அதைக் குழியில் கொட்டி, பம்பு போட்டுப் பெரிய தொட்டிக்கு ஏற்றவேண்டும். தொட்டியில் அது புளித்து வாயுவாகும். அந்த வாயுவில் எஞ்சின் ஓடி மின்சாரம் தரும். தொட்டியைச் சுற்றி நெருப்பு ஆகாது என்று நாலு பலகை தொங்கியது. சக்கைக் குழிக்கு ஒரு பலகையும் இல்லை. மூடிக் கிடந்தால் குழிக்குள்ளேயே வாயு ஊறும் என்று இவர்களுக்கு ஒருவரும் சொல்லவுமில்லை.

நத்தார் விடுமுறை முடிந்து வந்த காலை பம்பு அடைத்துக் கிடந்தது. குழி நாலு நாளாக மூடியபடியே இருந்தது. முதலாளி போனில் கத்தினார்: லொறிகள் வாசலில் நிற்கின்றன, இறங்கி அடைப்பை எடுங்கள். காற்றை அளக்கும் கருவி எங்கே என்று கேட்டால், பாட்டரி செத்துப்போய் மூன்று மாதமாம். அடப்பாவி! ஒரு பாட்டரி வாங்க அந்த மனிதனுக்கு மூன்று மாதம் போதவில்லை.

றோபேட் இரும்பு மூடியைத் தூக்கி நிறுத்திவிட்டு ஏணியில் கால் வைத்தான். மகேந்திரராசா ஓடிப்போய் அவனைக் கொலரில் பிடித்து இழுத்தார்.

"நில்லடா! காத்தைப் பாக்காமல் இறங்கிறேல்லை."

"என்ன அத்தான், உது கிணறே? உங்களுக்கு எல்லாத்துக்கும் பயம்."

"ஓம், பயம்தான். உன்ரை கொக்காவுக்கு நான் மறுமொழி சொல்லவேணும். அங்காலை நில்."

வன்னியில் கிணறு வெட்டுகிறவர்கள் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்குவார்கள். எரிந்தால் இறங்கலாம், அணைந்தால் கூடாது. இங்கே விளக்குக்கு எங்கே போவது? எண்ணெய்த் துணியொன்றைத் தகரப் பேணிக்குள் போட்டுக் கொளுத்தி, கம்பியில் கட்டி, மூடிக்குப் பின்னால் நின்றபடி மெல்ல மெல்ல இறக்கினார். நில் என்ற இடத்தில் நிற்கிற பிள்ளையா றோபேட்? விளிம்பில் வந்து குனிந்து பார்த்தான்.

விளக்கு அணையவில்லை. குழியே பற்றி எரிந்தது.

மூடி மறைத்ததால் மகேந்திரராசாவுக்குக் கைகள் மட்டும் வெந்தன. றோபேட் மூன்று நாள் உயிரோடு கிடந்தான்.

மூன்றாம் நாள், அவன் கண்மூடியதும், முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்து மகேந்திரராசாவின் தோளில் கை போட்டார். பொடியன் சிகரெட் பற்றவைத்தான் என்று சொல், உன் வேலையும் போகாது, இந்த நாட்டில் தங்கவிடும் பெர்மெஸ்ஸோவும் போகாது என்றார். மறுமொழிக்கு நிற்காமல் நேரே போய் யோசப்பினிடமும் அதையே சொல்லிவிட்டார்.

அவள் தம்பியின் உடலுக்குப் பக்கத்தில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"சிகரெட் பத்தாதை எண்டு எத்தினை தரம் சொன்னனான்! கேட்டவனே? ஒரு சிகரெட்டுக்காகச் செத்துப்போனானே, மொக்கன்!"

செத்தவனுக்கு ஏச்சு விழுவதை மகேந்திரராசாவால் தாங்க முடியவில்லை. வாய் திறந்தால் வேலை போகும், பெர்மெஸ்ஸோ போகும், இவளும் போவாள் என்று அவருக்குத் தெரியும்.

"அவனை ஏசாதையும். அவன் சிகரெட்டைத் தொடேல்லை. நான்தான் குழிக்குள்ளை நெருப்பை இறக்கினனான்."

யோசப்பின் அழுகையை நிறுத்திவிட்டு, கட்டுப் போட்டிருந்த அவருடைய கைகளைப் பார்த்தாள்.

"ஏன்?"

"அவன் செத்துப்போகக் கூடாதெண்டு."