மதியத்துப் பிழை

சிவப்புக் கோடு கறுப்புக் கோட்டை விட்டு விலகிய இடத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். கறுப்பு, லாரியின் புகைக்குழாயில் பொருத்திய சென்சார் சொன்னது. சிவப்பு, என் கணினி மாடல் கணித்துச் சொன்னது. காலை முழுக்க இரண்டும் ஒட்டிப் பிறந்தவை மாதிரிப் போகும். மதியம் வந்தால் போதும், சென்சார் எகிறும்; என் மாடல் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரித் தரையிலேயே கிடக்கும். நேற்றும் அப்படித்தான், முந்தாநாளும் அப்படித்தான்.

அந்த லாரியை ஓட்டுபவள் என் மனைவி. குளிர் தொடங்கியபோது சோதனை ஓட்டத்துக்காக மலைக்குப் போனவள். டீசல் புகையில் இருக்கும் நஞ்சைக் குறைக்க, புகைக்குழாய்க்குள் யூரியாக் கரைசலைத் தெளிப்பார்கள். உள்ளே இருக்கும் கேட்டலிஸ்ட் என்ற வினையூக்கி நஞ்சை முறித்துவிடும். ஆனால் கேட்டலிஸ்ட் சூடாக இருக்க வேண்டும். ஆறிவிட்டால் தெளிப்பும் நின்றுவிடும். எந்த நேரத்தில் எவ்வளவு நஞ்சு வெளியே போகும் என்று சென்சார் இல்லாமலேயே கணித்துச் சொல்ல ஒரு மாடலைப் பழக்குவது என் வேலை. அது தேறினால் சோதனை ஓட்டம் முடியும், லாரி இறங்கும், அவள் வீட்டுக்கு வருவாள். ஒரு கணக்கு தேறுவதற்காக இப்படி உருகிக் கிடக்கும் புருஷன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அவள் அனுப்பும் தரவில் அவளைத்தான் தேடுவேன். வளைவுக்கு முன்னால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கொஞ்சம் யோசித்து, மறுபடி மெல்ல வைப்பாள். வீட்டில் கோபம் வந்தாலும் அப்படித்தான். பேச வாயெடுத்து, நிறுத்தி, பிறகு நிதானமாகச் சொல்வாள். சொன்னால் தாங்க முடியாது என்பது வேறு விஷயம். இப்போது அந்தக் கோபம்கூட வேண்டியிருக்கிறது. அவள் போன பிறகுதான் எங்கள் மகளுக்கு முன்பல் விழுந்தது. புதுப்பல் எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டது. "அம்மா வர்றதுக்குள்ள முழுசா வளந்துடுமாப்பா?" என்று கண்ணாடி முன்னால் நின்று கேட்கிறாள். மெதுவாக வளரட்டும் என்று அவளுக்கும் ஆசை, எனக்கும் ஆசை.

மதியம் லாரி ஓரிடத்தில் நிற்கிறது, இன்ஜின் மட்டும் சும்மா ஓடுகிறது, கேட்டலிஸ்ட் ஆறிப்போகிறது. மறுபடி ஏற்றத்தில் கிளம்பும்போது நஞ்சு அப்படியே வெளியே வருகிறது. என் மாடல் படித்ததெல்லாம் ஆய்வுக்கூடத்துத் தரவு. அங்கே அப்படி இன்ஜினை ஓடவிட்டுவிட்டு உட்கார்ந்திருக்க ஆள் கிடையாது. நின்றால் அணைக்க வேண்டும் என்றுதான் சோதனைத் திட்டமும் சொல்கிறது. இவள் ஏன் அணைக்கவில்லை என்று நேரத்தைப் பார்த்தேன். முகம் சூடாகிவிட்டது. அவள் எனக்குப் போன் செய்யும் நேரம் அது. அந்த மலைப்பாதையில் சிக்னல் கிடைப்பது அங்கே மட்டும்தான். இன்ஜினை அணைத்தால் ஹீட்டரும் நின்று கேபினில் விறைத்துப்போவாள்.

எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் சராசரி. எதைக் காட்டினாலும் "ஆவரேஜ் என்னப்பா?" என்பார். காரணத்தைச் சொன்னதும் அவர் சிரித்தார்.

"பிளான்லயே இல்லாதது அது. வெட்டித் தூக்கிப் போடு. மாடல் பாஸ் ஆயிடும், வீட்டம்மாவும் இந்த வாரமே வந்துடுவாங்க."

கரும்பு தின்னக் கூலியா? அந்த மதியத் தரவை வெட்டினேன். பிழை பாதிக்கும் கீழே விழுந்தது. அனுப்பப் போகும்போது அவளே கூப்பிட்டாள். சிக்னல் கிடைத்ததால் லாரியின் அளவுகளும் என் திரையில் ஓடத் தொடங்கின.

"மாடல் தேறிடும் போல. நீ வந்துடலாம்," என்றேன்.

"நெஜமாவா? எப்படிடா திடீர்னு?"

சொன்னேன்.

"நாம பேசறதையா வெட்டின?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "இப்ப என் பக்கத்துல வரிசையா லாரி நிக்குது. எல்லாரும் இன்ஜினை ஓடவிட்டுட்டு வீட்டுக்குத்தான் பேசிட்டு இருக்காங்க. அவங்களை எங்கேருந்து வெட்டுவ?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவன் கையும் களவுமாகப் பிடிபட்டேன். கோபம்தான் வந்தது.

"அதை மாடலுக்குச் சொல்லிக் குடுக்கணும்னா இந்த மாதிரி தரவு இன்னும் நிறைய வேணும். குளிர் முடியற வரைக்கும் நீ அங்கயேதான் இருக்கணும். தெரியுதா?"

"தெரியுது."

"பாப்பாகிட்ட நீயே சொல்லிக்கோ."

அவள் அழுகிறாள் என்று மூச்சிலேயே தெரிந்தது. ஊர் உலகம் எக்கேடு கெட்டாலும் கெடட்டும், நீ வந்துவிடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"தினமும் இந்நேரத்துக்கு நான்தானே 'போனை வைடா, வேலை இருக்கு'ன்னு சொல்லுவேன்," என்றாள். "இன்னைக்கு வைக்காத. கேட்டலிஸ்ட் இன்னும் கொஞ்சம் ஆறட்டும், உனக்குத் தரவு வேணும்ல."

நான் வைக்கவில்லை. அவள் பக்கத்திலிருந்து ஒரு லாரி கியர் மாற்றி ஏற்றத்தில் கிளம்பும் சத்தம் போனில் கேட்டது. சிறிது நேரம் கழித்து இன்னொன்று. திரையில் கேட்டலிஸ்டின் வெப்பம் இறங்கிக்கொண்டே இருந்தது.