ஆறு தெரியும் அறை

அபீலியு வாயைத் திறந்தால் பூனை புலியாகிவிடும். மிராண்டெலாவில் அவன் கடைக்கு முடிவெட்ட வருகிறவர்களுக்கு அது நல்ல பொழுதுபோக்கு. அவனோடு முப்பது வருஷமாகக் குடும்பம் நடத்தும் மனைவி லுசிந்தாவுக்கு எப்படியிருக்கும்? போன மாதம், மருமகனுக்கு லக்ஸம்பர்க்கில் பேங்க் மேனேஜர் வேலை என்று ஊரெல்லாம் அளந்துவிட்டான். மருமகன் அந்த பேங்க் கட்டடத்துக்குப் பெயின்ட் அடிக்கிறவன். சாயம் வெளுத்தபோது சந்தையில் தலைகுனிந்து நின்றவள் லுசிந்தாதான். அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்தினாள்.

அவளைச் சமாதானப்படுத்தத்தான் இந்த லிஸ்பன் பயணம். இருப்பதிலேயே மலிவான ஹோட்டலைத் தேடிப் பிடித்து, “அறையிலிருந்தே ஆறு தெரியும்” என்றான். அதற்குத்தான் அவள் வாய் திறந்தாள்.

“தெரியலைன்னா நான் நேரா செத்தூபல்ல தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். இந்தத் தடவை சத்தியமாத் திரும்பி வரமாட்டேன்.”

அவள் சத்தியம் செய்து அவன் பார்த்ததே இல்லை. பாவம், பயந்துதான் போனான்.

அறை மூன்றாவது மாடியில் இருந்தது. அலமாரியைத் திறக்க வேண்டுமென்றால் ஒருவர் கட்டிலில் ஏறிக்கொள்ள வேண்டும். அபீலியு ஜன்னலைத் திறந்தான். வெளியே ஒரு வெள்ளைப் போர்வை. குறுக்குச் சந்தின் இரண்டு சுவர்களுக்கும் நடுவே கொடி கட்டி, கப்பல் பாய் மாதிரி அதை விரித்திருந்தார்கள். லுசிந்தா போர்வையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவன் கீழே ஓடி ஹோட்டல் முதலாளி வால்டெமாரைப் பிடித்தான்.

“ஆறு எங்க சார்?”

“இருக்கே. போர்வைக்குப் பின்னாடி. எதிர்வீட்டு ஃபெலிஸ்மினாம்மா துணி காஞ்சதும் தெரியும்.”

மறுபடி மேலே ஓடி, ஜன்னலில் பாதி உடம்பை நீட்டிக் கூப்பிட்டான். போர்வையின் ஓரத்தை விலக்கிக்கொண்டு ஒரு கிழவி தலையை நீட்டினாள்.

“அக்கா, அந்தப் போர்வையக் கொஞ்சம் எடுக்கறீங்களா? ஆறு பாக்கணும்.”

“ஆறு எங்க தம்பி போயிடப் போவுது? இந்தச் சந்துக்கு வெயில் ரெண்டு மணி நேரந்தான். அது போச்சுன்னா உன் ஆறா வந்து காயவைக்கும்?”

வேறு யாராவது என்றால் கெஞ்சியிருப்பார்கள். அபீலியுவின் வாய் அவனைக் கேட்காமலே வேலையை ஆரம்பித்துவிட்டது.

“எனக்காக இல்லக்கா. சம்சாரத்துக்கு உடம்புக்கு முடியல. டாக்டர்ங்க கைவிட்டுட்டாங்க. ஒரே ஒரு தடவை ஆத்தக் காட்டுய்யான்னு சொல்லி அனுப்பிட்டாங்க.”

“அட கடவுளே, மொதல்லயே சொல்லக்கூடாதா?”

கொடியின் கப்பி கிறீச்சிட்டது. ஈரப் போர்வை சரசரவென்று அவள் பக்கம் போனது. இரண்டு சுவர்களுக்கு இடையில், உள்ளங்கை அகலத்துக்கு, தேஜு ஆறு நிஜமாகவே மின்னியது. கூடவே ஒரு படகின் பாதி. அபீலியுவுக்கே நம்ப முடியவில்லை. வாழ்க்கையில் அவன் சொன்னது ஒன்று உண்மையாகியிருந்தது.

கிழவி அத்தோடு விடவில்லை. போர்வை இருந்த கொடியில் ஒரு தூக்குவாளியை மாட்டி அனுப்பினாள். சுடச்சுடக் கீரை சூப், மேலே தொத்திறைச்சித் துண்டுகள்.

“அவளக் கூப்பிடு. முகத்தப் பாத்தா நான் ஒரு செபம் சொல்லுவேன்.”

குளியலறைக் கதவு திறந்தது. லுசிந்தா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று அவள் புருவத்திலேயே தெரிந்தது. தொலைந்தோம், இன்று சாயங்காலமே செத்தூபல் ரயில்தான் என்று நினைத்துக்கொண்டான். அவள் ஜன்னலில் வந்து நின்றாள். செக்கச்செவேலென்று, மாவு மூட்டையைத் தனியாகத் தூக்குகிற திடகாத்திரம். கிழவி கண்ணைச் சுருக்கினாள்.

“பாத்தா நல்லாத்தானேம்மா இருக்கே. என்ன சீக்கு?”

லுசிந்தா கட்டைவிரலால் பக்கத்தில் நின்றவனைக் காட்டினாள். “இவருதான்க்கா. முப்பது வருஷமா. தீரவே மாட்டேங்குது.”

கிழவி சிரிக்க ஆரம்பித்தாள். ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

“எனக்கும் அதே சீக்குதாம்மா இருந்துச்சு. வாயத் தொறந்தா புளுகு. நான் திட்டாத நாளில்ல. ரெண்டு வருஷம் முன்ன எங்க வீட்டுக்காரரு மாரடைப்புல போயிட்டாரு, எனக்குக் கொணமாயிடுச்சு.” இடுப்பில் கட்டியிருந்த துணியால் முகத்தைத் துடைத்தாள். “இப்ப வீட்டுல ஒரு பொய் சொல்லக்கூட ஆளில்ல.”

லுசிந்தா கிழவியையே பார்த்தாள். பிறகு புருஷனை முழங்கையால் இடித்தாள்.

“என்ன மரமாட்டம் நிக்கறீங்க? அக்காவுக்கு ஏதாச்சும் சொல்லுங்க. பெரிசாவே சொல்லுங்க.”