குரமோச்சிக்கு அடிக்காத மேளம்

தோவா அணியின் பின்வரிசைக்குள் கொசுகூட நுழையாது என்று ஒனோதெரா காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிக்கொண்டே, மைதானத்து வாசலில் ஓடேன் என்ற கொதிகுழம்பு விற்கிற கடையில் வாங்கிய முள்ளங்கித் துண்டை ஊதி ஊதித் தின்றார். வாய் வெந்தாலும் பேச்சு நிற்காத மனிதர். ஊரில் மின்சாமான் கடை வைத்திருக்கிறார். கடையில் நிற்கிற நேரத்தைவிட ஹமசாகி கால்பந்து அணியைப் பற்றிப் பேசுகிற நேரம்தான் அதிகம் என்று அவர் மனைவியே சொல்வாள்.

கோல் போஸ்ட்டுக்குப் பின்னாலிருக்கும் புல்மேடுதான் ஹமசாகி ரசிகர்களின் இடம். அதைப் பிடிப்பதற்காக முந்தின நாளே வாசல் தரையில் காகித நாடா ஒட்டி, பேர் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். மொத்தமே அறுபது எழுபது பேர்தான் வருவார்கள், புல்மேட்டில் மாடு மேய்க்கிற அளவுக்கு இடம் இருக்கும். இருந்தாலும் நாடா ஒட்டாமல் இருக்க அவர்களால் முடியாது. இப்போது தூறலில் நனைந்துகொண்டே பேனர் துணிகளைக் கம்பியில் கட்டிக்கொண்டிருந்தார்கள். கடல் காற்று துணியைப் பிடுங்கப் பார்த்தது.

இன்றைக்கு ஜெயித்தால் ஹமசாகி லீகில் இருக்கும். சமன் செய்தாலும் போச்சு, வட்டார லீகுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். எதிரே வருவது முதலிடத்து தோவா. வருஷம் முழுக்க அவர்கள் வாங்கிய கோல்களை எண்ணக் கை விரல்களே போதும்.

"அண்ணே, நீங்க யார் கட்சி?" என்றான் மெகாபோன் பிடிக்கும் தட்சுரோ. அரிசி மண்டிக்காரன், முப்பது வயது. புல்மேட்டில் எந்தப் பாட்டு, எப்போது என்பதெல்லாம் அவன் முடிவுதான். "காலையிலேர்ந்து அவங்க புகழையே பாடிட்டிருக்கீங்க. அந்தப் பக்கமே போய் உக்காந்துக்கங்களேன், இடம் நிறைய இருக்கு."

"உள்ளதைச் சொன்னா எரியுதா? நான் அவங்க ஆட்டத்தையெல்லாம் போட்டுப் பாத்துட்டுத்தான் பேசறேன். நடுவுல ரெண்டு பேர் நிக்கறான், ஆளுக்கு ஆறடி. தரையில பந்தைக் கொண்டுபோனா காலை நீட்டிடறான். தூக்கிப் போட்டா தலையால திருப்பி அனுப்பறான். நமக்குக் கோல்னு ஒண்ணு வந்தா அது கார்னர்லதான் வரணும்."

"கார்னர்னா நமக்குக் குரமோச்சி இருக்காருல்ல?"

"இருக்காரு. அதுதான்டா தொல்லையே."

முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த கிகுயோவின் கை நின்றது.

கிகுயோ முடிதிருத்தும் கடை நடத்துகிறவள். ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது. புல்மேட்டில் பெரிய மேளம் அவளுடையது; வேறு யாரையும் தொட விடமாட்டாள். குரமோச்சியின் பாட்டைக் கட்டியதும் அவள்தான். பெரிய பாட்டு ஒன்றுமில்லை. 'குரமோச்சி வர்றான், வழியை விடு' என்று ஒரே வரி, அதற்கு மேளத்தில் இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, மறுபடி ஒரு தட்டு. கார்னர் கிடைத்ததும் அவள் அதை அடிப்பாள். அந்த நெட்டையன் பின்வரிசையை விட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே முன்னால் வருவான். பதினோரு வருஷமாக இதுதான் நடக்கிறது.

இன்றோடு அவன் ஆட்டம் முடிகிறது. மீன்வடைத் தொழிற்சாலை வேலையையும் விட்டுவிட்டு மனைவியின் ஊருக்குப் போகிறான். நேற்றுத்தான் கடைக்கு வந்து முடி வெட்டிக்கொண்டான். நாற்காலியிலிருந்து எழுந்தபோது வலது முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்றான். கண்ணாடியில் அவள் பார்ப்பதைப் பார்த்ததும் சட்டென்று கையை எடுத்துவிட்டான்.

"நாளைக்கு நல்லா அடிங்கக்கா" என்றான்.

"கை ஒடியற வரைக்கும் அடிக்கறேன், போ" என்றாள் அவள்.

அந்த வாக்கு கொடுத்து ஒரு நாள்கூட ஆகவில்லை. அதற்குள் ஒனோதெரா வந்து நிற்கிறார்.

"கார்னர் வந்த உடனே நாம என்ன பண்றோம்? கிகுயோ மேளத்தைப் போடுது. நாம எல்லாரும் 'குரமோச்சி வர்றான், குரமோச்சி வர்றான்'னு தொண்டை கிழியக் கத்தறோம். அவர் அங்கேருந்து கிளம்பறதுக்குள்ள எதிராளிக்குத் தகவல் போயாச்சு. போன தடவை தோவா கேப்டன் நம்ம பக்கம் கையைக் காட்டிச் சிரிச்சானா இல்லையா? சிரிச்சுட்டு ரெண்டு பேரை அவர்மேல ஒட்ட வச்சான். முதுகுல ஒருத்தன், மார்ல ஒருத்தன். மனுஷனால குதிக்கவே முடியல."

எல்லோரும் பார்த்ததுதான். அந்தக் கேப்டன் வணக்கம் வேறு வைத்தான்.

"அதனால?" என்றான் தட்சுரோ.

"அதனால இன்னைக்கு அவர் பேரை எடுக்கக் கூடாது. கார்னர் வந்தா ஹிராய் பாட்டைப் பாடுவோம். ரெண்டு பேரும் ஹிராய்மேல போய் ஒட்டிக்குவான். நம்ம ஆள் சும்மா வருவாரு, சும்மா தலையைக் குடுப்பாரு."

ஹிராய் இன்னொரு பின்வரிசைக்காரன். குரமோச்சிக்குப் பக்கத்திலேயே நின்று ஆடுகிறவன், அவனைவிட ஒரு தலை குள்ளம்.

"அவரோட கடைசி ஆட்டம் இது" என்றாள் கிகுயோ. "கடைசி நாள்ல அவர் பேரைச் சொல்லாம இருக்கறதா? உங்களுக்கு மனசாட்சி இருக்காண்ணே?"

"கோல் போட்டப்புறம் சொல்லும்மா. ராத்திரி முழுக்கச் சொல்லு, யார் வேணாம்னா?"

"அப்ப அவர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. இப்படி இப்படின்னு."

"ஆட்டத்தன்னைக்கு ஆட்டக்காரங்ககிட்டப் பேசறதில்லைன்னு வச்சிருக்கோம்" என்றான் தட்சுரோ. அவன் அப்பா மெகாபோன் பிடித்த காலத்திலிருந்து இருக்கிற பழக்கம். ஆட்டக்காரர்கள் பேருந்திலிருந்து இறங்கும்போது கைகூடத் தட்டமாட்டார்கள், பேசாமல் தலை குனிந்து வழிவிடுவார்கள்.

"பேசினாலும் வம்புதான்" என்றார் ஒனோதெரா. "அந்த ஆளுக்கு மூஞ்சியில ஒண்ணையும் மறைக்கத் தெரியாது. சீட்டாட உக்காந்தா கையில என்ன இருக்குன்னு தெருவுல போறவனுக்கும் தெரியும்."

கை தூக்கச் சொன்னான் தட்சுரோ. பிழைத்தால் போதும் என்ற நினைப்பில் பாதிப் பேருக்குமேல் தூக்கிவிட்டார்கள். கிகுயோவுக்கு அழுகை வந்தது. அவளுக்கும் அணி பிழைக்க வேண்டும்தான். ஆனால் குரமோச்சி திரும்பிப் பார்க்கும்போது தன் கை சும்மா கிடக்கும் என்பதை நினைக்கவே அவளால் முடியவில்லை. இருந்தாலும் மெகாபோன் சொல்வதற்கு மேளம் கட்டுப்பட வேண்டும் என்பது அவளே பிடிவாதமாக நடத்திவந்த வழக்கம். புதுப் பையன்களை அதற்காகத் திட்டியும் இருக்கிறாள். மேளத்தின் மழை உறையைக் கழற்றினாள்.

ஆட்டம் ஒனோதெரா சொன்னமாதிரியே போனது. தரையில் கொண்டுபோன பந்தெல்லாம் காலில் சிக்கியது, தூக்கிப் போட்டதெல்லாம் தலையில் பட்டுத் திரும்பியது. ஹமசாகியும் விட்டுக்கொடுக்கவில்லை. குரமோச்சி ஒரு முறை கோல் கோட்டின்மேல் விழுந்து பந்தை வயிற்றால் தடுத்தான். இடைவேளை வரைக்கும் இரண்டு பக்கமும் கோல் இல்லை, கார்னரும் கிடைக்கவில்லை.

பிற்பாதியில் ஹமசாகி புல்மேட்டை நோக்கி ஆடியது. ஆரம்பத்திலேயே ஒரு கார்னர் கிடைத்தது. தட்சுரோ மெகாபோனைத் தூக்கி ஹிராயின் பாட்டைத் தொடங்கினான். கிகுயோ பல்லைக் கடித்துக்கொண்டு அதற்குத் தாளம் போட்டாள்.

ஹிராய் ஒரு கணம் தடுமாறினான். தன் பாட்டைக் கார்னருக்கு அவன் கேட்டதே இல்லை. பிறகு உற்சாகமாக ஓடிவந்தான். தோவா கேப்டன் புல்மேட்டைப் பார்த்தான், கையைக் காட்டினான், இரண்டு நெட்டையர்களும் ஹிராயின்மேல் ஒட்டிக்கொண்டார்கள்.

"பாத்தியா! பாத்தியா!" ஒனோதெரா தட்சுரோவின் முதுகில் குத்தினார். "நான் சொன்னேனா இல்லையா?"

"அண்ணே, அவர் எங்கண்ணே?" என்றான் தட்சுரோ.

குரமோச்சி வரவில்லை. நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்றான். இரண்டடி எடுத்துவைத்தவன் நின்று புல்மேட்டைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு மெதுவாகத் திரும்பித் தன் இடத்துக்கு நடந்தான். கார்னர் பந்தைத் தோவாக்காரன் ஒருவன் சாவகாசமாகத் தலையால் வெளியே தள்ளினான்.

"என்னாச்சு இந்த மனுஷனுக்கு?" என்றார் ஒனோதெரா. "காலா வலிக்குது? அடுத்ததுக்கு வருவாரு."

அடுத்ததுக்கும் வரவில்லை. அதற்கடுத்ததுக்கும் ஹிராய் வந்தான், நெட்டையர்கள் ஒட்டினார்கள், குரமோச்சி நடுக்கோட்டில் நின்றான். இந்த முறை அவன் புல்மேட்டைப் பார்க்கவுமில்லை. இடுப்பில் கை வைத்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்க யோசனையில தீயை வைக்க!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "வர்ற ஆளையும் வரவிடாம பண்ணிட்டீங்க."

"நானா காலைப் பிடிச்சு இழுத்தேன்? பெஞ்சுல இருக்கற கோச்சு போகாதேன்னு சொல்லியிருப்பான்யா!"

கிகுயோவுக்கு இதெல்லாம் காதில் விழவில்லை. பதினோரு வருஷத்தில் குரமோச்சி தரையைப் பார்த்து நின்று அவள் பார்த்ததில்லை. கோல் வாங்கிய ஆட்டங்களில்கூட இல்லை. தன்னை மறந்துவிட்டார்கள் என்று நினைக்கிறான், வேறென்ன?

நடுவர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிய நேரத்தில் இன்னொரு கார்னர் வந்தது. இதுதான் கடைசி என்று எல்லோருக்கும் தெரியும். தட்சுரோவுக்கு வேறு வழி தெரியவில்லை, ஹிராய் பாட்டையே பிடித்தான். ஹிராய் ஓடிவந்தான். நெட்டையர்கள் முதுகிலும் மார்பிலும் ஒட்டிக்கொண்டார்கள். கார்னர் அடிக்கிறவன் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் போனான்.

கிகுயோ அடித்தாள். இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, ஒரு தட்டு.

"அக்கா!" தட்சுரோ திரும்பினான். "என்னக்கா பண்றீங்க? நிறுத்துங்க!"

"நிறுத்தமாட்டேன்டா. லீகும் வேணாம் ஒண்ணும் வேணாம். குரமோச்சி!" அவள் குரல் உடைந்து எங்கோ போனது. "குரமோச்சி வர்றான், வழியை விடு!"

முதலில் அவள் மட்டும்தான் பாடினாள். பிறகு பின்னாலிருந்து திட்டியவன் சேர்ந்துகொண்டான். பிறகு மொத்தப் புல்மேடும் சேர்ந்தது, கை தூக்கியவர்களும் தூக்காதவர்களும். கடைசியில் தட்சுரோ மெகாபோனைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினான்.

நடுக்கோட்டில் குரமோச்சி தலையைத் தூக்கினான். ஓடத் தொடங்கினான். வழக்கம்போல் தலையை ஆட்டிக்கொண்டு நடந்து வரவில்லை. நேரமில்லாததால் வலது காலை இழுத்துக்கொண்டு விழுந்தடித்து ஓடிவந்தான். கார்னர் அடிக்கிறவன் அதைப் பார்த்துவிட்டான். பந்தைத் துடைப்பதுபோல் குனிந்து ஒரு நொடி தாமதித்து, பிறகு அடித்தான். தோவா கேப்டன் யாரையோ பார்த்துக் கத்திக் கையை நீட்டினான், ஆனால் அவனுடைய இரண்டு நெட்டையர்களும் ஹிராயின் சட்டையைப் பிடித்தபடி நின்றார்கள். பந்து வந்த இடத்தில் குரமோச்சி ஒருவன்தான் இருந்தான். தலையைக் கொடுத்தான். வலை ஆடியது.

பிறகு நடந்ததைப் புல்மேட்டில் யாரும் ஒழுங்காகச் சொல்லமாட்டார்கள். ஒனோதெரா முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்து அழுதார். ஓடேன் குழம்பு யாருடைய சட்டையிலோ கொட்டியது. விசில் ஊதியதே பாதிப் பேருக்குக் கேட்கவில்லை.

ஆட்டம் முடிந்து ஹமசாகிக்காரர்கள் வரிசையாகப் புல்மேட்டுக்கு முன்னால் வந்து குனிந்து வணங்கினார்கள். மற்றவர்கள் திரும்பிப் போக, குரமோச்சி மட்டும் தடுப்புக் கம்பிக்குப் பக்கத்தில் வந்தான். முகமெல்லாம் சேறு.

"ஏன்க்கா முதல்ல அடிக்கல?" என்றான்.

கிகுயோ மேளத்தை விட்டுக் கம்பிக்கருகே வந்தாள். ஒனோதெரா முந்திக்கொண்டார். "தம்பி, அது ஒரு திட்டம். எதிராளி கண்ணைக் கட்டறதுக்கு உங்க பேரைச் சொல்லாம, ஹிராய் பேரை..."

"நான் போகணுமா, ஹிராய் போகணுமான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றான் குரமோச்சி. "யாராவது ஒருத்தர் பின்னால நிக்கணும்ல? இந்தக் காத்துல பெஞ்சுல கத்தறது ஒண்ணும் கேக்காது. மேளம் மட்டும்தான் கேக்கும். பாட்டு வந்தா நான் போவேன், ஹிராய் நிப்பான். எப்பவுமே அப்படித்தானே?"

ஒனோதெராவின் வாய் திறந்தபடி நின்றது. அவர் வாயடைத்துப்போய் இந்த ஊர் பார்த்தது அன்றுதான்.

குரமோச்சி கிகுயோவைப் பார்த்தான். "நேத்து நான் முட்டியைப் பிடிச்சதை நீங்க கண்ணாடியில பாத்தீங்க. எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்கன்னு நினைச்சேன். இவன் இனிமே உதவமாட்டான், ஹிராயே போகட்டும்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்கன்னு நினைச்சேன்."

"ஐயோ, இல்லப்பா" என்றாள் கிகுயோ. "உன் முட்டியைப் பத்தி நான் யார்கிட்டயும் மூச்சு விடல."

சொல்லிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் தேம்பி அழுதாள். அவனைச் சந்தோஷப்படுத்தத்தான் இத்தனை வருஷம் அடிக்கிறோம் என்று நினைத்திருந்தாள். அந்தச் சத்தத்தை நம்பித்தான் அவன் ஒவ்வொரு முறையும் பின்வரிசையைக் காலியாக விட்டு வந்திருக்கிறான்.

"அழாதீங்கக்கா" என்றான் அவன். "கை ஒடியற வரைக்கும் அடிக்கறேன்னு சொன்னீங்க. ஒடிஞ்சமாதிரி தெரியலையே."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு மேளத்தருகே போனாள். குரமோச்சி காலி மைதானத்தில் நடுக்கோடு வரைக்கும் போய்த் திரும்பி நின்றான். இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, ஒரு தட்டு. அவன் தலையை ஆட்டிக்கொண்டு கோல் போஸ்ட்டை நோக்கி நடந்துவந்தான். இப்போது நொண்டுவதை மறைக்கவில்லை. அவன் வந்து சேரும்வரை அவள் நிறுத்தவில்லை.