ரோட்ஸ்டரும் எண்பத்தாறும்

லோஜினி டீச்சருக்கு இரண்டு காரும் பிடித்திருந்தது. அதுதான் தொல்லை.

வெள்ளை டொயோட்டா எண்பத்தாறு ஹட்டனில் இருந்தது. இக்னேசியஸ் என்ற பேக்கரிக்காரருடையது. சிவப்பு மஸ்டா ரோட்ஸ்டர் நானுஓயாவில் இருந்தது. அது திலக்ஷனுடையது. அவளிடம் படித்த பையன். அடுத்த மாதம் கனடா போகிறான், அதனால் விற்கிறான். விலை ஏறக்குறைய ஒன்றுதான். எண்பத்தாறுக்கு இழுவை கூட. ரோட்ஸ்டர் எடை குறைவு; வளைவுகளில் நினைத்த இடத்தில் திரும்பும். எண்பத்தாறில் தலைக்கு மேல் தகரம். ரோட்ஸ்டரில் துணிக்கூரை, மடக்கிவிட்டால் வானம்.

எண்பத்தாறில் நான்கு பேர் உட்காரலாம். ரோட்ஸ்டரில் இரண்டே பேர்.

லோஜினி ஹட்டனில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் வகுப்பு நடத்துகிறாள். முப்பத்தாறு வயது. கல்யாணப் பேச்சை எடுப்பவர்களிடம் ஆவர்த்தன அட்டவணையைக் கேட்பாள். ஐந்து வருடம் ஓர் ஒல்டோ கார் வைத்திருந்தாள். அது அவளுடையது என்று பதிவுப் புத்தகத்தில் மட்டும் இருந்தது.

அவளுடைய அம்மா நாகலெட்சுமி பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் இருக்கிறாள். அந்த லயத்தில் ஒருவர் வாகனம் வாங்கினால், அது லயத்துக்கு வந்த வாகனம். கேட்பதெல்லாம் கிடையாது. முதலில் ஏறி உட்கார்ந்துகொண்டு, அப்புறம் எங்கே போகிறது என்று விசாரிப்பார்கள். வகுப்பில்லாத ஒரே நாள் போயா, பௌர்ணமி விடுமுறை. ஒல்டோ இருந்தவரை ஒரு போயாவாவது லோஜினி தனியாக எங்கும் போனதில்லை.

ஒரு போயா. தனக்கென்று ஒரு நாள், ஒரு பாதை. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஆனால் லயத்துப் பாதையில் ஏறாத கார் எதற்கும் உதவாது. அதனால் இரண்டு பேரையும் போயா காலையில் தோட்டத்துக்கு வரச் சொன்னாள். அம்மாவிடம் போனில் சொன்னாள்.

"ரெண்டு காரும் வரும்மா. ஏறுதான்னு பாத்துட்டுத்தான் முடிவு."

"எதுல சீட்டு கூட?"

"அம்மா."

"சும்மா கேட்டேன்."

போயா அன்று காலை ரயிலில் நானுஓயாவில் இறங்கினாள். ரோட்ஸ்டரை அவளே ஓட்டினாள். திலக்ஷன் பக்கத்தில். கூரையை மடக்கினார்கள். பனி முகத்தில் அடித்தது. கியர் நெம்பு உள்ளங்கைக்குள் அடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் தேயிலை ஒரு பக்கமாகச் சாய்ந்து மறுபடி நிமிர்ந்தது.

"டீச்சர், சிரிக்கிறீங்க."

"இல்லையே."

"சிரிக்கிறீங்க. அப்ப நான் வெல கொறைக்க மாட்டேன்."

"ஒனக்குக் கெமிஸ்ட்ரிக்கு என்ன வந்துச்சு?"

"எஸ். மட்டுமட்டாப் பாஸ்."

"அதான் வியாபாரம் பண்ற. பேசாம வா."

தலவாக்கலை வருமுன்பே முடிவாகிவிட்டது. அவள் சொல்லவில்லை.

தோட்டத்துப் பாதையில் சக்கரம் போக மட்டும் இரண்டு கொங்கிரீட் பட்டைகள். நடுவில் கல்லும் புல்லும். மெதுவாக ஏற்றினாள். ஏறியது. அம்மன் கோயில் வளைவில் திரும்பியதும் பிரேக்கை மிதித்தாள்.

எண்பத்தாறு முன்பே வந்திருந்தது. அதன் கழுத்தில், கழுத்து என்று சொல்லக்கூடிய இடத்தில், ஒரு மாலை. பொனட்டில் சந்தனம். நான்கு சக்கரத்துக்கும் பின்னால் நசுங்கிய எலுமிச்சம்பழம். தேங்காய்ச் சில்லு. கற்பூரப் புகை இன்னும் அடங்கவில்லை. பின்சீட்டில், முழங்காலை நெஞ்சோடு மடக்கிக்கொண்டு, பக்கத்து வீட்டு வீரம்மாவும் அவள் தங்கையும்.

"கொஞ்சம் நெருக்கம்தான்," என்றாள் வீரம்மா கண்ணாடி வழியாக. "பழகிரும்."

இக்னேசியஸ் காரோடு ஒட்டி நின்றார். நெற்றியில் திருநீறு. உள்ளே கண்ணாடியில் அவருடைய ஜெபமாலை ஆடிக்கொண்டிருந்தது.

"டீச்சர், நான் சும்மாதான் நின்னேன். முன்னுக்கு எடுங்கன்னாங்க, எடுத்தேன். பின்னுக்கு எடுங்கன்னாங்க, எடுத்தேன். நெத்தியக் காட்டுங்கன்னாங்க."

"காட்டுனீங்க."

"பெரியவங்க சொல்றப்ப என்ன செய்ய?"

லோஜினி அம்மாவைத் தேடினாள். அம்மா தட்டோடு நின்றாள்.

"மொதல்ல வந்த வண்டி," என்றாள் அம்மா. "கழுவி வேற வந்துச்சு. கோயிலுக்கு முன்னால வந்து நின்னுச்சு. நாங்க வேற என்னத்த நெனைப்போம்?"

அது உண்மைதான். அந்த வளைவில் கழுவிய வாகனம் வந்து நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பழம் நசுங்கிவிட்டால் வாங்கியாகிவிட்டது.

"அம்மா, நான் வாங்கப் போறது இது இல்ல. அந்தச் செவப்பு."

பின்சீட்டில் இரண்டு தலைகளும் திரும்பின. அம்மா ரோட்ஸ்டரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"மிச்ச சீட்டு எங்க?"

"ரெண்டுதான்."

"பின்னால ஒரு பலகையப் போட்டா?"

"போட ஏலாதும்மா."

"சர்மிளா மக சடங்குக்குக் கூட்டிட்டுப் போறேன்னு நான் ரெண்டு பேருக்குச் சொல்லிட்டேனே."

"அதான் பூசைய இவ்வளவு வெள்ளனப் போட்டீங்களா?"

அம்மா கற்பூரத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள். இப்போது குரல் வேறாக இருந்தது.

"அம்மனுக்குக் காட்டுன வண்டியத் திருப்பி அனுப்பக் கூடாது லோஜி. நீ செவப்ப எடு. ஒன் காசு, ஒன் இஷ்டம். நான் அதுல ஏற மாட்டேன்."

அம்மா ஏறமாட்டேன் என்றால் ஏறமாட்டாள். இரண்டு சீட்டில் ஒன்று யாருக்கு என்று லோஜினி இதுவரை யோசித்ததில்லை. இப்போது தெரிந்தது. காலியாக ஒரு சீட்டோடு ஒவ்வொரு போயாவும் இந்த வளைவில் வந்து நிற்க முடியாது.

திலக்ஷன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் விலை குறைக்கலாம் என்றான். யாரும் கவனிக்கவில்லை.

லோஜினி பூசாரி சின்னராசாவிடம் போனாள். மற்ற நாட்களில் அவர் தொழிற்சாலையில் காவல். வெள்ளிக்கிழமையும் போயாவும் பூசாரி.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். பூசை வண்டிக்கா, ஆளுக்கா?"

"வண்டிக்கு என்னம்மா தெரியும்? அது இரும்பு. ஓட்டுற ஆளுக்குத்தான் பூசை. பழத்த நசுக்குனவங்க மேல உள்ள கண்ணுதான் கழியும்."

"நசுக்குனது யாரு?"

எல்லோரும் இக்னேசியஸைப் பார்த்தார்கள்.

"நானா?" என்றார் இக்னேசியஸ்.

"திருநீறு யாரு நெத்தில?"

அவர் நெற்றியைத் தொட்டு, விரலைப் பார்த்தார்.

"அர்ச்சனைக்குப் பேரு கேட்டீங்களாய்யா?"

"கேட்டேன். இக்னேசியஸ்னாரு. நட்சத்திரம் தெரியாதுன்னாரு. பொதுவா ஒண்ணப் போட்டேன்."

"அம்மனுக்கு வெளங்கிருக்குமா?"

"அவளுக்கு எல்லாப் பேரும் வெளங்கும்," என்றார் சின்னராசா. சற்றுக் கோபமாகவே சொன்னார்.

"அப்ப இந்தப் பூசை இவருக்கு நடந்தது. நான் பழத்தத் தொடவே இல்ல."

சின்னராசா யோசித்தார். வானத்தைப் பார்த்தார், எண்பத்தாறைப் பார்த்தார், நாகலெட்சுமியைப் பார்க்காமல் சொன்னார்.

"இவருக்குத்தான். ஒடனே விக்கவும் கூடாது. ஒரு வருசமாவது அவரு கையால ஓடணும்."

இக்னேசியஸின் முகம் மலர்ந்தது. மறைக்க முயன்றார், முடியவில்லை.

"நான் எங்க டீச்சர் விக்க நெனைச்சேன். பொண்டாட்டிதான். பேக்கரிக்காரனுக்கு என்னத்துக்கு ரேஸ் காருன்னு. இப்ப அவகிட்ட என்ன சொல்றது?"

"அம்மன் விடலேன்னு சொல்லுங்க."

"அவ மாதா கோயிலுக்குப் போறவ."

"அப்ப ரெண்டு பேரும் பேசிக்கட்டும்."

வீரம்மா கண்ணாடியைத் தட்டினாள். "அப்ப நாங்க எறங்கணுமா?"

"இருங்கக்கா," என்றார் இக்னேசியஸ். அன்று அவர் யாருக்கும் இல்லை என்று சொல்லும் நிலையில் இல்லை. "கீழ டவுன் வரைக்கும் விடுறேன். சடங்கு என்னைக்கு?"

திலக்ஷனும் அவரோடு முன்னால் ஏறிக்கொண்டான். சாவி டீச்சரிடமே இருக்கட்டும், நாளைக்குப் பதிவுப் புத்தகத்தோடு ஹட்டன் வருகிறேன் என்றான். சொன்ன விலைதான் என்றும் சொன்னான். எண்பத்தாறு நான்கு பேரோடு, மாலையோடு, இறக்கத்தில் மெல்ல இறங்கிப் போனது.

அம்மா தட்டில் பார்த்தாள். பழம் தீர்ந்துவிட்டது. லயத்துப் பக்கம் நடந்தாள். லோஜினி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காத்திருந்தாள். அம்மா திரும்பி வரமாட்டாள் என்று ஒரு கணம் தோன்றியது.

வந்தாள். கையில் நான்கு எலுமிச்சம்பழம். சேலை மாற்றியிருந்தாள்.

"நீயே நசுக்கு லோஜி," என்றாள் பூசாரியைப் பார்த்துக்கொண்டே. "வேற ஒருத்தரையும் ஏத்தாத."

நசுக்கினாள். சின்னராசா பெயர், நட்சத்திரம் எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்டு அர்ச்சனை செய்தார். அம்மா கதவைத் திறந்து, சேலையைச் சுருட்டிப் பிடித்து, இறங்குவதுபோல ஏறி உட்கார்ந்தாள்.

"தரையிலயே உக்காந்த மாதிரி இருக்கு."

"பழகிரும்மா."

"கூரை?"

"இல்லாமத்தான்."

"போ. எங்கயாவது போ."

முதல் வளைவில் லோகநாதன் கடைக்கு முன்னால் பக்கத்து லயத்துத் தெரேசா குடையை நீட்டி மறித்தாள். ஞானஸ்நான வீட்டுக்குப் போகிற சேலை. "நாகு, டவுனுக்கா? நானும் வாரேன்."

அம்மா திரும்பி, சீட்டுக்குப் பின்னால் பார்த்தாள். அங்கே எதுவும் இல்லை. அவள் முகத்தில் ஒரு வியப்பு.

"எடமில்லடி," என்றாள்.

தெரேசா குடையை இறக்கினாள். வண்டி நகர்ந்தது. அடுத்த வளைவில் மூன்று பேர் பஸ்ஸுக்கு நின்றார்கள். அவர்கள் கையைக் காட்டவில்லை, காரைத்தான் வேடிக்கை பார்த்தார்கள்.

அம்மா வெளியே எட்டிப் பார்த்து அவர்களுக்கும் அதையே சொன்னாள்.